பேக்கப் இருக்கு சார்... ஆனா ஓப்பன் ஆகலையே! பிஎல்சி புராஜெக்ட்டை எக்ஸ்போர்ட் செய்து வைப்பது ஏன் அவசியம்?

இரவு 2 மணி. நைட் ஷிப்ட். பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றின் பேக்கிங் லைன் திடீரென நின்றுவிடுகிறது. பேனலைத் திறந்து பார்த்தால் கன்ட்ரோலரில் ஒரு விளக்கும் எரியவில்லை. பவர் சப்ளை சரியாகத்தான் இருக்கிறது. போனது கன்ட்ரோலர்.

ஸ்டோரில் அதே மாடலில் புதிது ஒன்று இருக்கிறது. எடுத்து மாட்டிவிடலாம். ஆனால் புதிய கன்ட்ரோலருக்குள் ஒன்றுமே இருக்காது. அதற்குப் புரோகிராம் ஏற்ற வேண்டும்.

“பேக்கப் இருக்கா தம்பி?” என்று கேட்கிறார் ஷிப்ட் இன்சார்ஜ்.

“இருக்கு சார், பென் டிரைவ்ல வெச்சிருக்கேன்” என்கிறார் மெயின்டனன்ஸில் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர்.

லேப்டாப்பில் அந்த ஃபைலை டபுள் கிளிக் செய்கிறார். இந்த புராஜெக்ட் வேறு வெர்ஷனில் உருவாக்கப்பட்டது, திறக்க முடியாது என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. மெஷினை செய்து கொடுத்த கம்பெனிக்கு போன் போகிறது. அந்த நேரத்தில் யார் எடுப்பார்கள்?

இது ஒரு கற்பனைக் காட்சி. ஆனால் இதில் வரும் சிக்கல் நிஜமானது. எண்ணிக்கையில் நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகளைக் கொண்ட மாநிலம் தமிழ்நாடு. ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோவை என்று எங்கே ஆட்டோமேஷன் வேலைக்குப் போனாலும் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் இருக்க முடியாது. பேக்கப் ஃபைல் கையில் இருந்தும் மெஷினை ஓட்ட முடியாமல் போவது ஏன்? அதைத் தவிர்க்க எதை எக்ஸ்போர்ட் செய்து வைக்க வேண்டும்? பார்க்கலாம்.

முதலில், பிஎல்சி என்றால் என்ன?

தொழிற்சாலை மெஷின்களின் மூளை என்று பிஎல்சியைச் சொல்லலாம். புரோகிராம் செய்யக்கூடிய கன்ட்ரோலர் என்பதுதான் அதன் பொருள். சென்சார், சுவிட்ச் ஆகியவற்றிலிருந்து தகவலைப் படிக்கும். உள்ளே இருக்கும் புரோகிராமை முதல் வரியிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்க்கும். அதன்படி மோட்டார், வால்வு, ஹீட்டரை இயக்கும். இதையே விநாடிக்குப் பல முறை திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கும்.

1960-களில் இந்த வேலையைச் செய்தவை ரிலேக்கள். கார் மாடல் மாறும்போதெல்லாம் பேனல் முழுக்க ஒயரிங்கைப் பிரித்து மாட்ட வேண்டும். 1968-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு, ரிலேக்களுக்கு மாற்றாக ஒரு எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் வேண்டும் என்று கேட்டது. டிக் மார்லி என்ற இன்ஜினியர் இருந்த பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் குழு 1969-ல் ‘மோடிகான் 084’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. அந்தக் குழுவின் 84-வது புராஜெக்ட் என்பதால் அந்த எண். மோடிகான் பிராண்ட் இன்று ஷ்னைடர் எலக்ட்ரிக் நிறுவனத்திடம் இருக்கிறது.

ஒயரிங்கை மாற்றுவதற்குப் பதில் புரோகிராமை மாற்றினால் போதும் என்றானது. அன்று பேனலைத் திறந்து ஒயரை கையால் தொடர்ந்து போனால் என்ன நடக்கிறது என்று எலெக்ட்ரீஷியனுக்குப் புரிந்துவிடும். இன்று அந்த ‘ஒயரிங்’ ஒரு ஃபைலுக்குள் இருக்கிறது. ஃபைல் திறக்கவில்லை என்றால் மெஷின் எப்படி ஓடுகிறது என்பதே தெரியாது.

புராஜெக்ட் ஃபைலுக்குள் என்னென்ன இருக்கும்?

புரோகிராம் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தால் அது தவறு. ஒரு புராஜெக்ட்டில் பொதுவாக இவையெல்லாம் உண்டு:

• ஹார்டுவேர் அமைப்பு: எந்த மாடல் கன்ட்ரோலர், எந்த இடத்தில் எந்த கார்டு, நெட்வொர்க் முகவரி என்ன.
• லாஜிக்: லேடர், ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் போன்ற மொழிகளில் எழுதிய புரோகிராம்.
• டேக் பட்டியல்: இந்த இன்புட் எந்த சென்சார், அந்த அவுட்புட் எந்த மோட்டார் என்ற பெயர்கள்.
• கமென்ட்: எழுதியவர் அடுத்தவருக்காக விட்டுச்சென்ற குறிப்புகள்.
• செட் வேல்யூ: வெப்பநிலை, வேகம், டைமர் நேரம் போன்ற எண்கள்.

தொடுதிரையின் படங்களும் டிரைவ்களின் செட்டிங்கும் சில மென்பொருட்களில் இதே புராஜெக்ட்டில் வரும். சிலவற்றில் அவை தனித்தனி ஃபைல்கள். பிஎல்சி பேக்கப்பைப் பத்திரமாக எடுத்துவிட்டு, டிரைவ் செட்டிங்கை மறந்துவிட்டால் மோட்டார் சரியாக ஓடாது.

மெஷினில் இருந்தே திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதா?

இங்கே ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மொபைலில் ‘டவுன்லோடு’ என்றால் வெளியே இருப்பது நம் கைக்கு வருவது. பிஎல்சி உலகில் லேப்டாப்பிலிருந்து கன்ட்ரோலருக்குப் புரோகிராம் ஏற்றுவதுதான் டவுன்லோடு. கன்ட்ரோலரிலிருந்து லேப்டாப்புக்கு எடுப்பது அப்லோடு. புதிதாக வருபவர்கள் முதல் வாரமே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. மாற்றி அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் மேல் பழையது போய் உட்கார்ந்துவிடும்.

சரி, கன்ட்ரோலர் உயிரோடு இருக்கும்போது அப்லோடு செய்துகொண்டால் போதாதா? அது மாடலைப் பொறுத்தது.

சீமென்ஸின் பழைய எஸ்7-300 வரிசையில், சாதாரணமாக டேக் பெயர்களும் கமென்ட்டுகளும் கன்ட்ரோலருக்குள் போவதில்லை. அவை லேப்டாப்பில் உள்ள புராஜெக்ட்டில் மட்டுமே இருக்கும். அப்லோடு செய்தால் லாஜிக் வரும், பெயர்கள் வராது. ‘சீலிங் ஹீட்டர் ஆன்’ என்று இருந்த இடத்தில் வெறும் முகவரி மட்டும் நிற்கும். ஆயிரக்கணக்கான முகவரிகளில் எது எந்த ஒயர் என்று பேனலைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். புதிய எஸ்7-1200, எஸ்7-1500 வரிசைகளில் பெயர்களும் கமென்ட்டுகளும் கன்ட்ரோலரிலேயே சேமிக்கப்படுவதால் இந்தத் தொல்லை குறைவு.

எஸ்7-1500 போன்ற மாடல்களில் புரோகிராம் ஒரு மெமரி கார்டில் இருக்கும். கன்ட்ரோலர் போனால் கார்டைக் கழற்றிப் புதியதில் போட்டு ஓட்ட முடியும். ஆனால் கார்டே கெட்டுப்போனாலோ, யாராவது பாஸ்வேர்டு போட்டு அப்லோடை மூடி வைத்திருந்தாலோ அந்த வழியும் அடைபடும்.

அப்போ ஃபைலை காப்பி பண்ணி வெச்சா போதாதா?

தமிழில் டைப் செய்து பழகியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். யூனிகோட் வருவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் டைப் செய்த பழைய ஃபைல்கள் பலரிடம் இருக்கும். அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இருந்தால் அழகான தமிழ். இல்லையென்றால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். ஃபைல் பத்திரமாக இருக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை.

பிஎல்சி புராஜெக்ட் ஃபைலும் ஏறக்குறைய அப்படித்தான். அந்தந்த கம்பெனியின் மென்பொருள், அதுவும் சரியான வெர்ஷன் இருந்தால்தான் திறக்கும்.

சீமென்ஸின் டிஐஏ போர்ட்டலை எடுத்துக்கொள்வோம். புராஜெக்ட் எந்த வெர்ஷனில் உருவானது என்பது ஃபைல் பெயரின் கடைசியிலேயே தெரியும். வெர்ஷன் 15-ல் செய்தது ‘ஏபி15’, 17-ல் செய்தது ‘ஏபி17’ என்று முடியும். 15-ல் செய்ததை 17-ல் திறக்கலாம். அது புதிய வெர்ஷனுக்கு மாற்றி ஒரு காப்பி எடுத்துக்கொள்ளும். ஆனால் 17-ல் சேமித்ததை 15-ல் திறக்க முடியாது. இது ஒருவழிப் பாதை. வெளியிலிருந்து வந்தவர் புதிய வெர்ஷனில் மாற்றி ஏற்றிவிட்டுப் போனால், தொழிற்சாலையின் லேப்டாப்பில் இருக்கும் பழைய மென்பொருள் அந்த ஃபைலுக்குப் பயன்படாது. முதல் காட்சியில் அந்த இளம் இன்ஜினியருக்கு நடந்தது இதுதான்.

ராக்வெல் நிறுவனத்தின் ஸ்டுடியோ 5000 மென்பொருளில் சிக்கல் வேறு மாதிரி. கன்ட்ரோலருக்குள் இருக்கும் ஃபர்ம்வேரின் முதன்மை எண்ணும், லேப்டாப்பில் உள்ள மென்பொருளின் வெர்ஷனும் பொருந்த வேண்டும். 20 என்றால் 20, 24 என்றால் 24. அதனால்தான் அனுபவமுள்ள இன்ஜினியர்களின் லேப்டாப்பில் ஒரே மென்பொருளின் பல வெர்ஷன்கள் வரிசையாக இருக்கும். பலர் பழைய விண்டோஸையும் சேர்த்து ஒரு விர்ச்சுவல் மெஷினாகவே பாதுகாத்து வைத்திருப்பார்கள்.

எக்ஸ்போர்ட் என்றால் சரியாக என்ன?

புராஜெக்ட்டின் உள்ளடக்கத்தை, அந்த மென்பொருள் இல்லாமலேயே படிக்கக்கூடிய எழுத்து வடிவில் வெளியே எடுப்பதுதான் எக்ஸ்போர்ட். பாமினி ஃபைலை யூனிகோடுக்கு மாற்றி வைப்பது போல.

ஒவ்வொரு கம்பெனியிலும் வழி வேறு:

ராக்வெல்: சாதாரண புராஜெக்ட் ஃபைலின் பெயர் ‘ஏசிடி’ என்று முடியும். அதைச் சாதாரண எடிட்டரில் படிக்க முடியாது. ஆனால் ‘எல்5கே’ என்ற எழுத்து வடிவிலும், ‘எல்5எக்ஸ்’ என்ற எக்ஸ்எம்எல் வடிவிலும் எக்ஸ்போர்ட் செய்யலாம். எல்5எக்ஸ்-ன் வசதி என்னவென்றால் முழு புராஜெக்ட்டை மட்டுமல்ல, ஒரு ரொட்டீனை, ஏன், லேடரின் சில படிகளை மட்டும்கூட எடுத்து இன்னொரு புராஜெக்ட்டில் இம்போர்ட் செய்ய முடியும். டேக் பட்டியலைத் தனியாக சிஎஸ்வி ஃபைலாக எடுக்கலாம்.

சீமென்ஸ் டிஐஏ போர்ட்டல்: டேக் பட்டியலை எக்செல் ஃபைலாக எடுக்கலாம், திரும்பவும் ஏற்றலாம். எஸ்சிஎல் என்ற எழுத்து மொழியில் எழுதிய பிளாக்குகளை சோர்ஸ் ஃபைலாக மாற்றலாம். லேடரில் வரைந்த பிளாக்குகளை ‘ஓப்பன்னெஸ்’ என்ற வசதி வழியாக எக்ஸ்எம்எல் வடிவில் எடுக்கலாம். முன்னதாக பிளாக்கைப் பிழையில்லாமல் கம்பைல் செய்திருக்க வேண்டும். பாஸ்வேர்டு போட்டு மூடிய பிளாக் என்றால் உள்ளே இருக்கும் கோட் வெளியே வராது.

ஷ்னைடர் கன்ட்ரோல் எக்ஸ்பர்ட்: முன்பு யூனிட்டி புரோ என்ற பெயரில் இருந்த மென்பொருள். புராஜெக்ட்டை ‘எக்ஸ்இஎஃப்’, ‘இசட்இஎஃப்’ என்ற பரிமாற்ற ஃபைல்களாக எடுக்கலாம்.

எழுத்து வடிவில் இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. சாஃப்ட்வேர் துறையில் இருப்பவர்களுக்கு ‘கிட்’ புதிதல்ல. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று அதில் பார்க்கலாம். எக்ஸ்போர்ட் செய்த பிஎல்சி புரோகிராமையும் அதேபோல் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். டைமரில் 2.5 விநாடி இருந்தது 25 விநாடி ஆகிவிட்டது என்றால் உடனே கண்ணில் படும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் லேட்டஸ்ட்’ என்று பெயர் வைத்த ஃபோல்டர்களில் இதைத் தேடிக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியமா?

எக்செல்லில் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை

சிஎஸ்வி ஃபைலாக எடுத்த டேக் பட்டியலை எக்செல்லில் திறந்து நூறு பெயர்களை ஒரே நேரத்தில் மாற்றுவது நல்ல வசதி. ஆனால் எக்செல் தானாகவே சில ‘உதவிகள்’ செய்யும். ‘0012’ என்று இருந்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியங்களைத் தூக்கிவிட்டு 12 ஆக்கும். டிகேன்டர் என்ற மெஷினுக்குச் சுருக்கமாக ஆங்கிலத்தில் ‘டிஇசி1’ என்று பெயர் வைத்திருந்தால், அதை டிசம்பர் 1 என்ற தேதியாக மாற்றிவிடும்.

இது சின்ன விஷயமில்லை. மரபணு ஆய்வாளர்களும் இதே தொல்லையில் மாட்டினார்கள். மார்ச் மாதம் போலத் தெரிந்த ஒரு மரபணுப் பெயரை எக்செல் தொடர்ந்து தேதியாக மாற்றியதால், 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டி வந்தது. எனவே டேக் ஃபைலைத் திறக்கும்போது எல்லா நெடுவரிசைகளையும் ‘டெக்ஸ்ட்’ என்று குறிப்பிட்டு இம்போர்ட் செய்வது பாதுகாப்பானது. திரும்ப ஏற்றும் முன் அசல் ஃபைலின் காப்பி ஒன்று தனியாக இருக்கட்டும்.

பலரும் மறக்கும் விஷயம்: செட் வேல்யூ

பேக்கப் சரியான வெர்ஷனில் இருக்கிறது, திறக்கிறது, ஏற்றியும் ஆகிவிட்டது. லைன் ஓடுகிறது. பிரச்சினை தீர்ந்ததா?

அந்த பேக்கிங் லைனுக்கே திரும்பப் போவோம். மெஷின் வந்த புதிதில் சீலிங் வெப்பநிலை 165 டிகிரி என்று புராஜெக்ட்டில் போட்டிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிறகு மெல்லிய ஃபிலிம் வந்தது. ஆபரேட்டர் தொடுதிரையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 148-ல் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த 148 எங்கே இருக்கிறது? கன்ட்ரோலரின் மெமரியில் மட்டும். லேப்டாப்பில் உள்ள ஃபைலுக்கு அது தெரியாது. அங்கே இன்னமும் 165-தான்.

கன்ட்ரோலர் போனதும் 148-ம் போய்விட்டது. பழைய பேக்கப்பை ஏற்றினால் மெஷின் முதல் நாள் செட்டிங்கில் ஓடத் தொடங்கும். ஃபிலிம் கருகும். ஃபிலிம் கருகினால் கண்ணுக்குத் தெரியும், வாசனை வரும். ஆனால் மருந்து, ரசாயனம், பாய்லர் போன்ற இடங்களில் ஒரு எண் மாறியது உடனே தெரியாது. அங்கே இழப்பு பொருளோடு நிற்காது.

இதற்கும் வழி இருக்கிறது. டிஐஏ போர்ட்டலில் கன்ட்ரோலரில் இப்போது ஓடும் மதிப்புகளை ‘ஸ்னாப்ஷாட்’ எடுத்து, அதையே தொடக்க மதிப்பாக புராஜெக்ட்டில் பதிந்துகொள்ளலாம். ஆன்லைன் பேக்கப் என்ற வசதியும் உண்டு. அது கன்ட்ரோலரை இருக்கும் நிலையிலேயே பிடித்து வைக்கும். ஆனால் அதைத் திறந்து படிக்கவோ திருத்தவோ முடியாது, திரும்ப ஏற்ற மட்டுமே முடியும். ராக்வெல்லில் அப்லோடு செய்யும்போது டேக் மதிப்புகளையும் சேர்த்து எடுத்துச் சேமிக்கலாம். எந்த வசதியும் இல்லாத பழைய மெஷின் என்றால் தொடுதிரையின் எல்லா செட்டிங் பக்கங்களையும் போனில் போட்டோ எடுத்து தேதி போட்டு வைப்பதும் ஒரு பேக்கப்தான்.

ஒரு கம்பெனி புரோகிராமை இன்னொரு கம்பெனி பிஎல்சியில் ஏற்ற முடியுமா?

நேரடியாக முடியாது என்பதுதான் குறுகிய பதில்.

1993-ல் ஐஇசி 61131-3 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது. லேடர், ஃபங்ஷன் பிளாக், ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட், இன்ஸ்ட்ரக்ஷன் லிஸ்ட், சீக்வென்ஷியல் ஃபங்ஷன் சார்ட் என்று 5 மொழிகளை அது வரையறுத்தது. இன்ஜினியர் ஒரு கம்பெனி மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எளிதானது. ஆனால் ஃபைல் மாறுவது எளிதாகவில்லை. மொழி ஒன்று, ஃபைல் வடிவம் வேறு வேறு.

1992-ல் தொடங்கப்பட்ட பிஎல்சிஓப்பன் என்ற அமைப்பு இதற்காகப் பொதுவான எக்ஸ்எம்எல் வடிவம் ஒன்றை உருவாக்கியது. 2019-ல் அது ஐஇசி 61131-10 என்ற தரநிலையாகவும் ஆனது. கோடெசிஸ், பெக்காஃப் நிறுவனத்தின் ட்வின்கேட் போன்ற மென்பொருட்களில் இந்த வடிவில் எக்ஸ்போர்ட், இம்போர்ட் செய்யலாம். ஆனால் மேலே பார்த்த டிஐஏ போர்ட்டலும் ஸ்டுடியோ 5000-ம் தங்கள் சொந்த எக்ஸ்எம்எல் வடிவங்களையே நம்பியிருக்கின்றன.

ஃபைல் உள்ளே போய்விட்டாலும் முழு நிம்மதி கிடையாது. ஒரு டைமரையே பாருங்கள். ஐஇசி முறையில் டைமருக்கு நேரம் என்ற தனி வகை மதிப்பைத் தர வேண்டும், 5 விநாடி என்றே எழுதலாம். ராக்வெல் டைமரில் அது மில்லி விநாடி கணக்கில் ஒரு முழு எண், அதாவது 5000. இதை மாற்றும்போது கவனம் தேவை.

இன்னொரு உதாரணம். பல பைட்டுகள் கொண்ட ஒரு எண்ணை மெமரியில் எந்தப் பக்கத்திலிருந்து அடுக்குவது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. சீமென்ஸின் வழக்கமான எஸ்7 அமைப்பில் பெரிய பக்கம் முதலில், ராக்வெல்லில் சிறிய பக்கம் முதலில். எண்ணைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படிக்கும் புரோகிராம் என்றால் கம்பைல் ஆகும், எர்ரர் எதுவும் வராது, ஆனால் வரும் எண் தப்பாக இருக்கும். எர்ரர் காட்டி நிற்கும் இம்போர்ட்டைவிட, எர்ரரே காட்டாமல் தப்பாக ஓடும் இம்போர்ட்தான் ஆபத்து. அதனால்தான் மாற்றிய புரோகிராமை நேரடியாக மெஷினில் ஓட்டாமல் முதலில் சிமுலேட்டரிலும், பிறகு மோட்டார்களைத் தனிமைப்படுத்தியும் சோதிக்கிறார்கள்.

வந்த ஃபைலை எல்லாம் திறக்கலாமா?

கூடாது. 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ் நினைவிருக்கலாம். ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தில் இருந்த சென்ட்ரிஃபியூஜ்களைக் குறிவைத்தது. அது பரவிய வழிகளில் ஒன்று, சீமென்ஸ் ஸ்டெப் 7 மென்பொருளின் புராஜெக்ட் ஃபோல்டர்கள். ஒரு இன்ஜினியர் நம்பிக்கையோடு திறக்கும் புராஜெக்ட்டே வைரஸைச் சுமந்து போனது.

2022-ல் கிளாரோட்டி என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வுக் குழு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஹேக்கர் முதலில் பிஎல்சிக்குள் விஷமத்தனமான தரவைப் போட்டு வைக்கிறார். கோளாறு என்று பார்க்க வரும் இன்ஜினியர் அப்லோடு அழுத்துகிறார். அந்த நொடியில் அவருடைய லேப்டாப் ஹேக்கர் வசமாகிறது. ‘ஈவில் பிஎல்சி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பல நிறுவனங்களின் மென்பொருட்களில் இது சாத்தியம் என்று காட்டிய பிறகு, அவற்றுக்கான திருத்தங்களும் பாதுகாப்பு ஆலோசனைகளும் வெளியாயின.

ஆகவே பென் டிரைவில் வரும் புராஜெக்ட்டை, அது யாரிடமிருந்து வந்தது என்று தெரியாமல் திறக்கக் கூடாது. புரோகிராம் ஏற்றும் லேப்டாப்பை சொந்த வேலைக்கும் இணையத்தில் உலவுவதற்கும் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

ஃபைல் யாருக்குச் சொந்தம்?

டெக்னிக்கல் விஷயம் எல்லாம் தெரிந்திருந்தும் பல இடங்களில் கதை இங்கேதான் நிற்கிறது. மெஷினை வாங்கியது தொழிற்சாலை. புரோகிராம் எழுதியது மெஷின் கம்பெனி. “அதை நாங்க தர மாட்டோம்” என்று அவர்கள் சொன்னால்?

அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. பல வருடம் உழைத்து எழுதிய லாஜிக்கைப் போட்டியாளர் காப்பி அடித்துவிடலாம். வாரன்டி காலத்தில் வாடிக்கையாளரே ஏதாவது மாற்றிவிட்டு, பிறகு மெஷின் சரியில்லை என்று புகார் சொல்லலாம். அதனால்தான் பாஸ்வேர்டு.

தொழிற்சாலையின் பயமும் நியாயமானதே. மெஷின் 15, 20 வருடம் ஓட வேண்டியது. அதுவரை அந்த கம்பெனி இருக்குமா? எழுதியவர் அங்கேயே வேலை பார்ப்பாரா?

இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளக்கூடிய நடுவழிகள் இருக்கின்றன. கம்பெனியின் ரகசியமான சில பிளாக்குகளை மட்டும் மூடிவைத்து, மற்ற எல்லாவற்றையும் திறந்து தரலாம். வாரன்டி முடிந்ததும் பாஸ்வேர்டைத் தருவதாக எழுதிக்கொள்ளலாம். கம்பெனி மூடப்பட்டால் மட்டும் கைக்கு வரும்படி சோர்ஸை ஒரு மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்து வைக்கலாம். முக்கியமானது, இதையெல்லாம் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும். முழுப் பணமும் கொடுத்த பிறகு கேட்டால் பேரம் பேச கையில் எதுவும் இருக்காது.

சரி, என்ன செய்ய வேண்டும்?

மெயின்டனன்ஸ் டீமில் இருக்கும் யாரும் இந்த வாரமே தொடங்கக்கூடிய பட்டியல் இது:

1. ஒவ்வொரு மெஷினுக்கும் பிஎல்சி மாடல், ஃபர்ம்வேர் எண், மென்பொருளின் பெயர், சரியான வெர்ஷன் ஆகியவற்றை எழுதிப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.
2. புராஜெக்ட் ஃபைல் ஒன்று, எழுத்து வடிவ எக்ஸ்போர்ட் ஒன்று, ஓடும் மதிப்புகளோடு எடுத்த பேக்கப் ஒன்று என மூன்றையும் வைத்திருங்கள்.
3. தொடுதிரை, டிரைவ் ஆகியவற்றின் பேக்கப்பையும் அதே ஃபோல்டரில் சேருங்கள்.
4. மென்பொருளின் இன்ஸ்டால் ஃபைல், லைசென்ஸ் விவரம், முடிந்தால் எல்லாம் ஏற்றிய ஒரு விர்ச்சுவல் மெஷின் ஆகியவற்றைப் பாதுகாத்து வையுங்கள்.
5. ஒரு காப்பி சர்வரில், இன்னொரு காப்பி நெட்வொர்க்கில் இணைக்காத டிஸ்கில். ஒருவருடைய சொந்த லேப்டாப்பில் மட்டும் இருக்கக் கூடாது. அவர் வேலையை விட்டுப் போனால் பேக்கப்பும் கூடவே போய்விடும்.
6. வெளியாள் வந்து புரோகிராமில் கை வைத்தால், அவர் கேட்டைத் தாண்டும் முன் புதிய பேக்கப்பை வாங்கிவிடுங்கள். எந்த வெர்ஷனில் சேமித்தார் என்றும் கேளுங்கள்.
7. வருடத்துக்கு ஒருமுறையாவது பேக்கப்பைத் திறந்து, கன்ட்ரோலரில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் காட்டினால் அது ஏன் என்று கண்டுபிடியுங்கள்.

இதில் ஏழாவதைத்தான் பெரும்பாலும் தள்ளிப்போடுவோம். லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஆனால் ஸ்பேர் கன்ட்ரோலர் ஸ்டோரில் இருக்கிறது என்றால், ஷட்டவுன் நாளில் அதில் புரோகிராமை ஏற்றிப் பார்க்க ஒரு மதியப் பொழுது போதும்.

அப்படி ஏற்றிப் பார்த்திருந்தால் அந்த நைட் ஷிப்டில் என்ன நடந்திருக்கும்? லேப்டாப் அதே. ஃபைல் பழையதல்ல, போன மாதம் எடுத்தது. சீலிங் வெப்பநிலையில் 148 என்று இருக்கிறது. முதல் பாக்கெட் வெளியே வரும்போது, மெஷின் கம்பெனியின் போன் இன்னும் அடித்துக்கொண்டிருக்கலாம். “விடுங்க சார், காலைல பேசிக்கலாம்” என்று அந்த இன்ஜினியர் சொல்லியிருப்பார்.